ஒன்றும் நடக்காத புல்தரை

குன்றைச் சுற்றிக் காட்டுகிற கைடுகளில் அவளிடம் மட்டும்தான் சிவப்புக் குடை. வெயிலோ மழையோ, குடையை விரித்து உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். பின்னால் வருகிறவர்கள் தொலைந்துபோகாமல் அதைப் பார்த்துக்கொண்டே வரவேண்டியதுதான். பேருந்து ஓட்டுகிறவரிலிருந்து டிக்கெட் கிழிக்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் குடையக்கா. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளோ என்னவோ.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். காலையில் நுழைவாயிலில் திறந்தால் சாயங்காலம் பேருந்தின் கதவு மூடும்போதுதான் அதுவும் மூடும். இங்கே பீரங்கி நின்றது, இங்கே தந்திக் கம்பி அறுந்தது, இந்தப் பாறைக்குப் பின்னால் ஒரு படையே பட்டினி கிடந்தது என்று மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டு போவாள். யார் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. தெரிந்ததைச் சாதாரணமாகச் சொல்வாள். தெரியாததைத்தான் அடித்துச் சொல்வாள். அந்தத் தொழிலில் இருக்கிறவர்களைக் கேட்டால் இதன் நியாயம் புரியும். வந்தவரிடம் ஒரு தடவை ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டால், அப்புறம் உண்மையைச் சொன்னாலும் அவர் முகத்தைச் சுளிப்பார்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரையும் குன்றின் மேற்குப் பக்கம் இறக்கிக் கூட்டிவருவாள். போர்க்களம் முழுவதும் கல்லும் முள்ளுமாகக் கிடக்க, அங்கே மட்டும் பச்சைப்பசேலென்று ஒரு புல்தரை. ஓரத்தில் நிழல் மரங்கள். போர் வரைபடத்தில் எல்லா இடத்திலும் சிவப்பும் நீலமுமாக அம்புக்குறிகள் பாய்ந்துகொண்டிருக்கும். அந்த இடம் மட்டும் வெறும் வெள்ளை.

"இங்க ஒண்ணுமே நடக்கலைங்க. இந்தக் குன்றுலயே பாவம் பண்ணாத எடம் இது ஒண்ணுதான். பயப்படாம காலை நீட்டி உக்காந்து சாப்பிடுங்க" என்பாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே பொட்டலங்களைப் பிரிப்பார்கள்.

அங்கே ஒரு சின்ன விஷயம் உண்டு. ஏறக்குறைய எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர், வாயருகே கொண்டுபோன கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். "யாராவது விசில் அடிச்சீங்களா?" என்று கேட்பார். பக்கத்தில் இருப்பவர் இல்லை என்பார். குழந்தைகள் அந்தப் புல்லில் ஓடிப் பிடித்து விளையாடியதே கிடையாது. அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். குடையக்கா இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்.

"அது ஒரு குருவிங்க. இந்தப் புல்லுல மட்டும்தான் இருக்கும். கண்ணுல படவே படாது, சத்தம் மட்டும்தான்."

அப்படி ஒரு குருவி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. முதல் தடவை யாரோ கேட்டபோது வாயில் வந்த பொய், சொல்லிச் சொல்லி அவளுக்கே உண்மையாகிவிட்டது. பறவைப் பைத்தியம் ஒருவர் கேமராவும் கையுமாக அந்தப் புல்லில் கிடந்து, ஒரு இறகைக்கூடப் பார்க்காமல் அவளைத் திட்டிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார். அவளோ அந்த விசிலை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டுமானால் கொஞ்ச நேரமாவது வாயை மூட வேண்டுமே.

சரித்திரத்தின்மேல் ஆசைப்பட்டு அவள் இந்த வேலைக்கு வரவில்லை. அவளுடைய அண்ணன் அந்தக் குன்றுக்குச் சண்டைக்குப் போனவன், திரும்பவில்லை. செத்தான் என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை; ‘காணவில்லை’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். கைடு வேலையில் சேர்ந்தால் வேலிக்குள் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், குனிந்து மண்ணைக் கிளறினாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று சேர்ந்தாள். மழை பெய்து சரிவில் மண் கரைந்தால் மறுநாள் முதல் ஆளாக நிற்பாள். பொத்தான் கிடைக்கும், பெல்ட்டின் கொக்கி கிடைக்கும், சில சமயம் எலும்பே கிடைக்கும். அவள் கண்டுபிடித்துக் கொடுத்த பிள்ளைகளின் வீட்டார் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். சண்டை நடந்த இடம் ஒன்று விடாமல் தேடியாயிற்று. அவளுடைய அண்ணன் மட்டும் அகப்படவே இல்லை.

அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவளும் அண்ணியும்தான். அண்ணன் சண்டைக்குப் போனபோது கல்யாணமான புதுக்கருக்குகூட அண்ணிக்கு அழியவில்லை. பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். "அவர் வந்து விசிலடிச்சா யாரு கதவைத் தொறப்பாங்க?" என்று கேட்டாள் அண்ணி. அதற்குப் பிறகு அவர்கள் வந்து கூப்பிடவில்லை.

அண்ணனுக்கு அது ஒரு பழக்கம். அம்மாவை அம்மா என்று கூப்பிடுவான், தங்கையை ‘ஏய்’ என்று கத்துவான், பெண்டாட்டிக்கு மட்டும் தெருமுனையிலிருந்தே விசில். இரண்டு குட்டையாக, மூன்றாவது நீளமாக இழுத்து, முடிவில் மேலே ஏற்றுவான். சமையலறையில் இருந்தாலும் சரி, தலையில் சோப்பு நுரையோடு இருந்தாலும் சரி, அண்ணி "இதோ, வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓடுவாள். "நாயைக் கூப்பிடற மாதிரி கூப்பிடறான், இவளும் ஓடறா பாரு" என்று அம்மா முணுமுணுப்பாள். சின்னவளான தங்கைக்கு உள்ளூரப் பொறாமை. தனக்கும் ஒரு விசில் வேண்டுமென்று அண்ணனிடம் சண்டை பிடித்திருக்கிறாள்.

இத்தனை வருஷத்தில் அண்ணி ஒரு தடவைகூடக் குன்றுப் பக்கம் வந்ததில்லை. "அங்க என்ன இருக்கு? அவர் வர்ற வழியில இருக்காரு" என்பாள். ஆனால் தினமும் நாத்தனாருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். ஒரு ஆளுக்குக் கட்டச் சொன்னால் ஒன்றரை ஆளுக்குக் கட்டுவாள். "நான் என்ன யானையா அண்ணி?" என்றால், "யாராவது பசியோட வந்தா குடு" என்பாள். மிச்சத்தைக் குடையக்கா அந்தப் புல்லிலேயே எறும்புக்கும் குருவிக்கும் உதறிவிட்டு, டப்பாவைக் காலியாக வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

புல்தரைக்கு ஒரே குறை, கழிப்பறை இல்லை. வயசானவர்கள் நெளிவதைப் பார்த்துப் பார்த்து, குடையக்காதான் சுற்றுலாத் துறைக்கு மனுமேல் மனுவாகப் போட்டாள். அதிகாரி மாறினால் புது அதிகாரியிடம் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். போன வருஷம் ஒருவழியாக அவள் வாய்க்குப் பயந்தே ஒப்புக்கொண்டார்கள். ஒரு சிற்றுண்டிச்சாலை, பக்கத்தில் வரிசையாகக் கழிப்பறைகள். ஒரு மூலையில் முளையடித்துக் கயிறும் கட்டியாயிற்று. மாநாடு முடிந்த கையோடு தோண்ட ஆரம்பிப்பதாக ஏற்பாடு. குடையக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மாநாடு என்றால் ராணுவ சரித்திர மாநாடு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குன்றின் அடிவாரத்து அரங்கில் கூடுவார்கள். அதற்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படித்தவர்கள், மீதிப் பேர் பைத்தியங்கள். எது எந்தப் பாதி என்று சொல்வது கஷ்டம். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டையோடு, ஒரு துப்பாக்கியைக் கையில் தொட்டே பார்த்திராத ஆட்கள், வலதுபக்கப் படை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தேநீர் ஆறிப்போகும்வரை மல்லுக்கட்டுவார்கள். செத்தவர்களைப் பற்றிப் பேச்சே வராது. படை நகரும், அணி உடையும், கோடு வளையும். ஆள் மட்டும் சாகமாட்டான். குடையக்காவுக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். குடைக்காம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு புன்னகையோடு நிற்பாள்.

மாநாட்டை நடத்துகிற பேராசிரியர் அவ்வளவு மோசமில்லை. வரைபடத்தில் அம்பு போடுவதில் அவருக்கு அலாதிப் பிரியம், எந்நேரமும் காதில் கலர் பென்சில் செருகியிருக்கும். அதைத் தவிர நல்ல மனுஷன். இந்தத் தடவை ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் ஆட்களை அழைத்திருந்தார். அன்றைய சண்டையில் எதிரிகளாக இருந்தவர்கள். இரண்டு பக்கமும் ஒரே பாஷைதான், அவர்கள் கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள். வந்தவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். ஒல்லி உடம்பு, பழைய தொப்பி. முதல்நாள் கூட்டத்தில் இரண்டு மூன்று தடவை கையைத் தூக்கி, பேராசிரியர் திரும்பிப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார். பெரியவருக்குத் தோள் வலி போலிருக்கிறது என்று குடையக்கா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் எல்லாரையும் குன்றுக்குக் கூட்டிப்போகும் வேலை அவளுடையது. மேலே ஏறி, பதுங்குகுழிகளைப் பார்த்து, வழக்கம்போல மதியத்துக்குப் புல்தரையில் இறக்கினாள். வழக்கமான பேச்சைப் பேசினாள். பசி வந்த கூட்டம் புல்லைக் குறுக்கே மிதித்துக்கொண்டு நிழலுக்கு ஓடியது.

பெரியவர் மட்டும் குறுக்கே போகவில்லை.

இத்தனை வருஷத் தொழிலில் குடையக்கா முகத்தைப் பார்ப்பதைவிடக் காலைப் பார்க்கப் பழகியிருந்தாள். நிஜமாகவே சண்டை போட்டவர்கள் வந்தால் கால் காட்டிக்கொடுத்துவிடும். சரிவில் ஓர் இடத்தில் தன்னையறியாமல் குனிவார்கள். பாறை வந்தால் இடதுபக்கமாக ஒதுங்குவார்கள். இந்தப் பெரியவரோ புல்தரையின் ஓரமாக நேரே போனார். ஒன்றுமே இல்லாத இடத்தில் சட்டென்று திரும்பினார். மறுபடி நேரே போய், மறுபடி திரும்பினார். கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருக்க, எழுப்பிவிடாமல் அதைச் சுற்றிக்கொண்டு போவதுபோல இருந்தது. அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நிழலுக்கும் போகாமல் வெயிலில் நின்றார்.

குடையக்காவுக்கு கண்ணிவெடி என்றுதான் முதலில் தோன்றியது. வருஷக்கணக்காகக் குழந்தைகளையும் குட்டிகளையும் கண்ணிவெடிமேல் உட்காரவைத்துச் சாப்பிட வைத்திருக்கிறேனா? டப்பாவைக் கையில் பிடித்தபடியே அவரிடம் ஓடினாள். அதற்குள் மரத்தடியிலிருந்து ஒரு பாக்கெட் சட்டைக்காரர் குரல் கொடுத்தார்.

"மேடம், யாராவது விசில் அடிச்சீங்களா?"

"அது குருவிங்க! இந்தப் புல்லுல மட்டும்தான் இருக்கும்" என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

பெரியவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலம் கீழே விழுந்தது. எடுக்க அவர் குனியவில்லை.

"குருவின்னா சொன்ன?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"யாரும்மா உனக்கு அப்படிச் சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லிக்குடுக்கல. நானா வச்சதுதான். ஐயா, அத விடுங்க. அந்த எடத்தச் சுத்திக்கிட்டுப் போனீங்களே, ஏன்? உள்ள வெடி ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லிருங்க, எல்லாரையும் எழுப்பிருவேன்."

"வெடி இல்லம்மா" என்றார் பெரியவர். கையிலிருந்த தொப்பியால் புல்லைக் காட்டினார். "ஆளுங்க."

குடையக்கா கூட்டத்தைப் பார்த்தாள். சிரிப்பும் பேச்சுமாக, காலை நீட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியரிடம் போய், எல்லாரையும் மேல் பதுங்குகுழிக்கு அழைத்துப்போங்கள், கால் பிசகிக்கொண்டது, பின்னால் வருகிறேன் என்றாள். குடையையே நம்பி வந்த கூட்டம் குடையில்லாமல் தட்டுத்தடுமாறி மேலே ஏறிப்போனது. புல்தரையில் அவர்கள் இரண்டு பேரும் மிஞ்சினார்கள்.

"நான் சண்டை போட்ட ஆளில்ல. மண்வெட்டி ஆளு" என்று பெரியவர் ஆரம்பித்தார். "சண்டை முடிஞ்ச மறுநாள் எங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. இந்தப் பக்கம் சரிவுல உங்க ஆளுங்க நெறைய பேரு கெடந்தாங்க. எத்தன பேருன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. புல்லைப் பாளம் பாளமா வெட்டி எடுத்து ஓரமா வச்சோம். பள்ளம் தோண்டினோம். எல்லாரையும் உள்ள படுக்க வச்சு, மண்ணத் தள்ளி, மறுபடி புல்லை மேல அடுக்கிட்டோம். மழைக்காலம். வேர் புடிச்சிருச்சு. இங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிருச்சு."

குடையக்கா காலடிப் புல்லைப் பார்த்தாள். சண்டை நடந்த இடமெல்லாம் நகத்தால் கிளறினாளே! நடக்காத இடத்தில் தினமும் பாயை விரித்துச் சாப்பிட்டிருக்கிறாள். வெயில் காலத்தில் கூட்டம் வராத நாட்களில் தனக்குத்தானே பேசிக்கொண்டே அந்தப் புல்லில் சாய்ந்து குட்டித் தூக்கம்கூடப் போட்டிருக்கிறாள்.

"குருவின்னதும் ஏன் பயந்தீங்க?" என்றாள். கேட்டிருக்கவே வேண்டாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தாள்.

"பாதி மண்ணு போட்டிருப்போம். உள்ளேருந்து ஒரு விசில் வந்துச்சு. எல்லாரும் கைய நிறுத்திட்டோம். மறுபடி வந்துச்சு. எங்க சார்ஜெண்ட் சொன்னாரு, அது குருவிடா, இந்தப் புல்லுல இருக்கற குருவி, வேலையப் பாருங்கடான்னு. நீ சொன்ன அதே பேச்சு."

"எப்படி விசில்?"

"வேணாம்மா."

"எப்படின்னு சொல்லுங்க."

பெரியவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். கிழட்டு உதடு, முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு சத்தம் வந்தது. இரண்டு குட்டை. மூன்றாவது நீளமாக இழுத்து, முடிவில் மேலே ஏறியது.

குடை அவள் கையிலிருந்து நழுவிப் புல்லில் உருண்டது. தெருமுனையில் அண்ணன் நிற்கிறான், அம்மா முணுமுணுக்கிறாள், அண்ணி ஈரக்கையோடு ஓடுகிறாள். அத்தனையும் அந்த மூன்று விசிலில் வந்து நின்றது. குண்டடிபட்டு, பிணங்களுக்கு நடுவே, கத்தத் தெம்பில்லாமல், கடைசியில் அவன் அண்ணியைத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

"நிறுத்துங்க" என்றாள். அப்புறம் வெறி பிடித்தவள்போல அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "உசுரோட இருந்திருக்கான்! தோண்டிப் பாக்க என்ன கேடு உங்களுக்கு? ஒரு மண்வெட்டியக் கீழ போட்டிருந்தா என்னய்யா?"

"போட்டிருக்கலாம்" என்றார் பெரியவர். அவர் விலகவில்லை, கையைத் தட்டிவிடவும் இல்லை. "குருவின்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சாத்தான் மண்ணு தள்ள முடிஞ்சுது. ஊருக்குப் போயி, பொண்டாட்டி புள்ளைன்னு ஆயி, இப்பவும் வெளிய எந்தக் குருவி கத்தினாலும் எழுந்து போயி சன்னலச் சாத்திருவேன்."

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"மாநாட்டு அழைப்புல, இந்த எடத்துல என்ன கட்டப் போறாங்கன்னு படம் போட்டிருந்தாங்க. அவங்க மேல கக்கூஸ் கட்டப் போறாங்கன்னு பாத்தேன். அதுக்கப்புறமும் வாய மூடிக்கிட்டு இருந்தா நான் மனுஷனே இல்ல. சொல்லிரலாம்னுதான் வந்தேன். நேத்து கையத் தூக்கிட்டேன், வாய் வரல."

குடையக்கா சட்டையை விட்டாள். மூலையில் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினாள். "அந்தக் கக்கூஸக் கேட்டு வாங்கினதே நான்தான்யா" என்றாள்.

வயசான மனுஷன், வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்கிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. அவர்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. இருந்தாலும் டப்பாவை நீட்டினாள். அவர் வாங்கி மூடியைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, ஒரு வாய்கூட எடுக்காமல் மூடிக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் அண்ணி டப்பாவைக் கழுவ எடுத்தவள், கனமாக இருப்பதைப் பார்த்து நின்றாள்.

"என்ன, அப்படியே இருக்கு? ஒடம்பு சரியில்லையா?"

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்களேன்."

"நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லு."

"அண்ணன் இருக்கற எடம் தெரிஞ்சிருச்சு."

அண்ணி கைத்துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "எங்க?"

"நாங்க மத்தியானம் சாப்பிடற புல்தரை. அங்கதான் எல்லாரையும் ஒண்ணா... அக்கரைலேருந்து ஒரு பெரியவர் வந்திருக்காரு. அவர் சொன்னாரு."

"எல்லாரும்னா ஆயிரம் பேரு இருப்பாங்க. உங்கண்ணனும் அதுல இருக்காருன்னு எப்படித் தெரியும்?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவளிடம் இதற்கும் பதில் இருந்தது. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பாதி மண் விழுந்த பிறகும் உங்களைக் கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாகக் கதவைத் திறக்கக் காத்திருப்பவளிடம், அவர் கூப்பிட்டபோது நீங்கள் அங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தப் பாவத்தை அவளால் செய்ய முடியவில்லை.

"தெரியாது அண்ணி" என்றாள். "மனசுக்கு அப்படித்தான் படுது."

‘தெரியாது’ என்று அவள் வாயிலிருந்து வந்ததை அண்ணி முதல் தடவையாகக் கேட்டாள். நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள்.

"ரொம்ப வலிச்சிருக்குமா அவருக்கு?"

"இல்ல அண்ணி. யாருக்குமே தெரிஞ்சிருக்காதாம். சட்டுனு முடிஞ்சிருச்சாம்."

அண்ணி தலையாட்டிக்கொண்டாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் காட்டவில்லை. பிறகு டப்பாவைப் பார்த்தாள். "இத தெனமும் அங்கதான் தொறப்பியா?"

"ஆமா."

"மிச்சத்த?"

"அங்கயே புல்லுல உதறிருவேன்."

அண்ணி அப்போதுதான் உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப என் கைச்சாப்பாடு தெனமும் அவருக்குப் போயிக்கிட்டுதான் இருந்திருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, பல வருஷமாகச் சேர்த்துவைத்த அழுகையை அழுதாள். குடையக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு பேரில் யார் யாரைத் தேற்றுவது என்றே தெரியவில்லை.

மறுநாள் கடைசிக் கூட்டத்தில் பெரியவர் கையைத் தூக்கினார். இந்தத் தடவை இறக்கவில்லை. இறக்கவிடக் கூடாதென்றே குடையக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புல்லுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி அவர் எல்லாருக்கும் சொன்னார். விசிலைப் பற்றி மட்டும் சொல்லவேண்டாம் என்று அவரிடம் கேட்டிருந்தாள். அவரும் சொல்லவில்லை. பேராசிரியர் எழுந்து சுவரில் இருந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். வெள்ளையாக இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காதிலிருந்த கலர் பென்சிலை எடுத்தவர், எதுவும் வரையத் தோன்றாமல் அதை மேசைமேல் வைத்தார். அன்றைக்கே அதிகாரிகளிடம் நேரில் போய், கட்டட வேலையை நிறுத்தச் சொல்லி, மண்ணை முறையாகத் தோண்டிப் பார்க்க அனுமதியும் வாங்கினார். அவர் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. குடையக்கா அதை எங்கேயும் சொல்லத் தயங்கியதில்லை.

தோண்டுகிற நாளில் அண்ணி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. காலையில் குடையக்கா செருப்பை மாட்டும்போது, பெரிய டப்பா ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு நின்றாள். அந்தக் கதவை அண்ணி வெளியிலிருந்து பூட்டிக் குடையக்கா பார்த்ததே இல்லை. வீட்டில் யாராவது ஒருவர் இருக்கவேண்டும் என்பாள், எப்போதும்.

புல்தரையைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆட்கள் மண்வெட்டியோடு தயாராக நின்றார்கள். முதல் பாளத்தை எங்கே வெட்டுவது என்று பேராசிரியர் பெரியவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் ஊருக்குப் போகவில்லை. முடிகிறவரை இருக்கிறேன் என்று தங்கிவிட்டார். குடையக்கா அன்றைக்குக் குடை கொண்டுவரவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். என்னென்னவோ சொல்லி அண்ணியைத் தயார்ப்படுத்த வேண்டுமென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். வந்து நின்றதும் ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் புல்லில் கால்வைத்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

காற்று புல்லைத் தடவிக்கொண்டு போனது.

அப்போது அண்ணியின் கை அவள் பிடிக்குள் துடித்தது. அண்ணி தலையைத் திருப்பினாள். கூட்டத்தில் எத்தனையோ பேர் கையில் எடுத்த சாப்பாட்டோடு திரும்பிப் பார்த்தார்களே, அதே திரும்பல். எதிரே பெரியவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

‘குருவி அண்ணி’ என்று குடையக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அண்ணி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எல்லாம் தெரிந்துபோனது மட்டும் இருந்தது. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். டப்பாவைப் புல்லில் வைத்து, முந்தானையால் ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து தெருவாசல் வரை கேட்கிற அந்தப் பழைய குரலில், "இதோ, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள்.